பட்டிக்குள் நின்ற தண்ணீர்

மே 6, திங்கள்

கத்திரி தொடங்கி இது மூன்றாம் நாள். காலை ஒன்பதுக்கே எங்கள் கார் பெயிண்ட் ஷெட்டின் தகரம் காந்துகிறது. நான் போவதற்கு முன்பே காவேரிப்பட்டினத்து டாக்ஸிக்காரர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். போன நவம்பரில் இடது பக்கம் இரண்டு கதவும் பின் சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டரும் நாங்கள் பார்த்துக் கொடுத்த வெள்ளை வண்டி. "அண்ணா, இங்க கொஞ்சம் வந்து பாருங்க" என்று பின் கதவின் கீழ்ப்பக்கத்தைக் காட்டினார்.

கொப்புளம். வேர்க்குரு போல முப்பது நாற்பது. பிளேடு முனையால் ஒன்றைக் கீறினேன், ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தது. பெயிண்ட்டைத் தோல் மாதிரி உரித்துப் பார்த்தால் அடிப்பூச்சான பிரைமரும் அதோடு சேர்ந்து வருகிறது. அடியில், பள்ளம் நிரப்பப் பூசிய பட்டி கருத்துப்போய் ஈரமாக இருந்தது. நகம் பட்டதும் நனைந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. ஆறு மாதம் வெயிலில் ஓடிய வண்டிக்குள் இன்னும் ஈரம்.

"வாட்டர் வாஷ்ல ஏதாவது பண்ணிட்டாங்களோ?" என்று அவரே எனக்கு ஒரு வழி எடுத்துக் கொடுத்தார். இல்லைங்க, இது எங்கள் வேலையில் வந்த குறை என்று சொல்லிவிட்டேன். காசு வேண்டாம், மூன்று பேனலையும் தகரம் தெரியச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடித்துத் தருகிறேன், பத்து நாள் கொடுங்கள் என்றேன். பத்து நாள் என்றதும்தான் அவர் முகம் வாடியது. வண்டி நின்றால் அவருக்கு வருமானம் நிற்கும், தவணை நிற்காது. இந்த மாதத் தவணையில் பாதி என்னுடையது என்று பேசி முடித்தோம். சாவியை வாங்கி ஆணியில் மாட்டினேன்.

மே 7, செவ்வாய்

ராத்திரி தூக்கம் வரவில்லை, வேலை நோட்டை எடுத்து நவம்பரைப் புரட்டினேன். ஒவ்வொரு வண்டிக்கும் என்றைக்குத் தகரம் நிமிர்த்தும் டிங்கரிங், என்றைக்கு பட்டி, என்றைக்கு பிரைமர் என்று எழுதி வைப்பது அப்பா காலத்துப் பழக்கம். அந்தக் கார்த்திகை முதல் இரண்டு வாரம் நல்ல மழை. முகூர்த்த நெருக்கடி வேறு. "பட்டி பேப்பர் முடிந்தது, மாலை பிரைமர்" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. காலையில் தண்ணீர் விட்டு உப்புத்தாள் பேப்பரால் தேய்த்த பட்டிக்கு, மழை ஈரத்தில், அதே மாலை பிரைமர் அடிக்கச் சொன்னது நான்தான். பையன்கள் மேல் குற்றம் இல்லை.

நாம் போடும் பட்டி பாலியஸ்டர் பிசினில் டால்க் மாவு கலந்த பொருள். காய்ந்தபின் கல் மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே பஞ்சு. தண்ணீர் பட்டால் குடிக்கும். அதனால் பட்டியை உலர்வாகவே தேய்க்க வேண்டும் என்று டப்பாவோடு வரும் தாளிலேயே போட்டிருக்கும். எங்கள் பக்கத்தில் பாதிக்கு மேல் ஷெட்டுகளில் தண்ணீர் விட்டுத்தான் தேய்க்கிறார்கள். தூசி பறக்காது, பேப்பர் சீக்கிரம் அடைக்காது, கைக்கும் சுகம். நானும் அப்படித்தான் கற்றேன், அப்படித்தான் கற்றுக் கொடுத்தேன்.

இன்னொன்றும் உண்டு. அந்த நாட்களில் குழாய்த் தண்ணீர் வரவில்லை, போர் தண்ணீரில்தான் தேய்த்தோம். இன்று காலை ஒரு எவர்சில்வர் சட்டியில் போர் தண்ணீரையும் இன்னொன்றில் குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரையும் அளந்து ஊற்றி வற்றக் காய்ச்சினேன். ஒகேனக்கல் சட்டியில் மெல்லிய படலம். போர் தண்ணீர்ச் சட்டியில் வெள்ளை வெள்ளையாகச் செதில். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம் என்றுதானே 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பல்லில் கறை ஏற்றும் தண்ணீர் என்று தெரியும். அதே தண்ணீரின் உப்பு பெயிண்ட்டுக்கு அடியில் என்ன செய்யும் என்று யோசித்ததில்லை. எந்தப் பெயிண்ட்டும் வெளி ஈரத்தைக் கொஞ்சம் உள்ளே விடத்தான் செய்யும். அடியில் உப்பு இருந்தால் அந்த ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் வெயில் பட்டால் கொப்புளம்.

இரண்டு சட்டியையும் பையன்கள் பார்க்கட்டும் என்று ஸ்டூல் மேலேயே வைத்திருக்கிறேன்.

நோட்டில் அந்த இரண்டு வாரத்தில் ஐந்து வண்டி. டாக்ஸி போக நான்கு.

மே 9, வியாழன்

மாங்காய் சீசன். பெங்களூரா காய் கூழ் ஃபேக்டரிக்குப் போக ஆரம்பித்தால் பிக்கப் வண்டிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வரும். இன்று இரண்டு. "டயர்ல இடிக்காம தட்டி மட்டும் விடுங்கண்ணா, பெயிண்ட்ட சீசன் முடிஞ்சு பாத்துக்கலாம்" என்கிறார்கள். தட்டி, தகரம் தெரிந்த இடத்தில் மட்டும் பிரைமர் அடித்து அனுப்பினேன். அதையும் விட்டால் ஆடி மழைக்குத் துரு ஏறிவிடும்.

மாந்தோப்புக்குள் காரை நிறுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மாம்பால் சொட்டினால் அன்றே ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்தால் பெயிண்ட்டுக்கு மேலே பளபளப்புக்கு அடிக்கும் கிளியரைத் தின்றுவிடும், பாலிஷ் போட்டாலும் தழும்பு போகாது.

மே 11, சனி

தொப்பூர் கணவாயில் அடிபட்ட சில்வர் கலர் காருக்கு இன்று இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து சேதத்தைப் பார்த்துவிட்டுப் போனார். சேலம் பக்கமாக இறங்கும்போது பின்னால் வந்த லாரி இடித்திருக்கிறது. உள்ளே இருந்தவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. டிக்கியும் பம்பரும் போய்விட்டன, பின் தளம் மேலே மடங்கியிருக்கிறது.

வண்டிக்காரர் "இன்ஷூரன்ஸ் இருக்கே, எனக்கென்ன செலவு?" என்று நினைத்திருந்தார். அவரை உட்கார வைத்து, காகிதத்தில் எழுதிக் காட்டினேன். வண்டிக்கு மூன்றரை வயது, பழசுக்கான கழிவு இல்லாமல் தரும் ஜீரோ டெப் பாலிசி எடுக்கவில்லை. மாற்றும் இரும்புப் பாகங்களில் 25 சதவீதம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர் என்றால் பாதி. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. பெயிண்ட் பில்லில் கால் பங்கைப் பொருள் செலவு என்று வைத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். பெயிண்ட் 20,000 என்றால் 5,000 பொருள், 2,500 உங்கள் கையிலிருந்து. இதெல்லாம் போக, 1,500 சிசி வரை எஞ்சின் உள்ள வண்டிக்குக் கட்டாயக் கழிவு 1,000. அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வண்டி எடுக்க வரும் அன்று கவுன்ட்டரில் சண்டை போடுவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

மதியம் முழுக்க டிங்கர் அண்ணன் பக்கத்திலேயே நின்றேன். அவரோடு இருபத்தைந்து வருஷம், இன்னும் அலுக்கவில்லை. முதலில் இழுக்க மாட்டார். டேப் பிடித்து மூலைக்கு மூலை அளந்து, நல்ல பக்கத்தோடு ஒப்பிட்டு, சாக்பீஸில் தளத்திலேயே எழுதிக்கொள்வார். அப்புறம் சங்கிலி போட்டுக் கொஞ்சம் இழுப்பு, மறுபடி அளவு. இழுத்த இடத்தைச் சுற்றிச் சுத்தியலால் தட்டித் தட்டித் தகரத்தைச் சமாதானப்படுத்துவார். டிக்கி மூடி உட்காரும் இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக வரும்வரை என்னை பெயிண்ட் பற்றிப் பேச விடமாட்டார். "இடுக்கு சரியில்லாத வண்டிக்கு நீ தங்கத்தையே பூசு, கண்ணு அங்கதான் போகும்" என்பார்.

மே 13, திங்கள்

டாக்ஸியின் மூன்று பேனலும் வெறும் தகரம். துரு அதிகம் இல்லை, பிழைத்தோம். எபாக்ஸி பிரைமர், அது இறுகியதும் மெல்லிய பட்டி. கை பழக்கத்தில் பையன் மக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஸ்டூலைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே திரும்பப் போய் 80 நம்பர் பேப்பரைக் கட்டையில் சுற்றினான். 80, அப்புறம் 180. மேலே கருப்பு பெயிண்ட்டைப் புகை மாதிரி தூவிவிட்டுத் தேய்த்தால் பள்ளம் இருக்கும் இடத்தில் கருப்பு நிற்கும், கண்ணை ஏமாற்ற முடியாது. உலர்வாகத் தேய்ப்பதால் தூசி தலை முதல் கால் வரை. வாக்குவம் ஒன்றை வாங்கிக் கட்டையோடு இணைக்க வேண்டும், கடனில்தான்.

அந்தப் பையனுக்கு ஒரு வாரமாக இருமல். தூசிதான் காரணம் என்று அவன் சொல்கிறான். எனக்கு வேறு பயம். கிளியரை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. ஸ்ப்ரே செய்யும்போது அது மூச்சில் போய் நுரையீரலுக்கு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், அதற்கப்புறம் துளி பட்டாலே ஆஸ்துமா மாதிரி இழுக்கும். வாசனை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. கைக்குட்டை கட்டுவதோ மருந்துக்கடையில் கிடைக்கும் மாஸ்க்கோ இதற்கு ஒன்றும் செய்யாது. அப்பா ஆயுசுக்கும் ஈரத்துண்டுதான் கட்டினார். அவர் காலத்து டூகோ பெயிண்ட்டில் இந்த ஹார்டனர் இல்லை. அந்தத் துண்டை நம்பி இந்தக் காலத்து பெயிண்ட்டை அடிக்கக் கூடாது.

பையனை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, இப்போதைக்குச் சளிதான், ஆனால் எச்சரிக்கையாக இருங்கள் என்றார். குழாய் வழியாக நல்ல காற்று தரும் முகமூடியும், அதற்கென்று எண்ணெய் இல்லாத தனி பம்பும் பெங்களூருக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது. அது வரும்வரை அவன் பெயிண்ட் அடிக்கும் பூத் பக்கம் வர வேண்டாம். அவனுடைய அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

மே 15, புதன்

காலை ஐந்தரைக்கு டாக்ஸிக்கு பெயிண்ட். இந்த மாதத்தில் பத்து மணிக்கு மேல் அடித்தால் தின்னர் வழியிலேயே பறந்து, பெயிண்ட் பொடியாகப் போய் உட்காரும். மெதுவாகக் காயும் தின்னர்தான் எடுத்தேன். கம்ப்ரஸர் டேங்க்கின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்தேன், கால் டம்ளர் இருந்தது. இனி இது தினமும், முதல் வேலை.

வெள்ளை என்று ஒரே நிறம் இல்லை. வண்டியின் கலர் நம்பர்படி கலந்த வெள்ளை, ஐந்து வருஷம் வெயில் குடித்த பழைய கதவுக்குப் பக்கத்தில் நீலமாகத் தெரிந்தது. பழைய பக்கத்தை ரப்பிங் போட்டு அழுக்கெடுத்த பிறகே நிறம் பார்க்க வேண்டும். பார்த்தேன், இரண்டு சொட்டு மஞ்சள் விட்டதும் ஒட்டியது. அட்டையில் அடித்து, வெளியே எடுத்து, வெயிலில் ஒருமுறை, நிழலில் ஒருமுறை பார்த்தபின்தான் ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுத்தேன். சில்வர் காருக்கு இதைவிடப் பாடு இருக்கிறது. மெட்டாலிக்கில் ஈரமாக அடித்தால் நிறம் கருக்கும், உலர்வாக அடித்தால் வெளுக்கும். ஒரே டப்பா, இரண்டு கை, இரண்டு நிறம்.

கிளியர் இரண்டு கோட், நடுவில் பதினைந்து நிமிடம் விட்டேன். பூத்தில் 60 டிகிரி, அரை மணி நேரம்.

மே 17, வெள்ளி

டாக்ஸி போய்விட்டது, சொன்னதைவிட ஒரு நாள் தாமதம். அவர் பின் கதவின் கீழ்ப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார், இரண்டு தடவை. அடுத்த மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை காட்டச் சொல்லி அனுப்பினேன்.

அப்புறம் அந்த நான்கு வண்டிகளுக்கும் போன் செய்தேன். இத்தனை நாள் தள்ளிப்போட்டேன், அது உண்மை. ஓசூர்க்காரர் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். ஊத்தங்கரை ஆசிரியர் மாலையே கொண்டுவந்து காட்டினார், பம்பரில் மட்டும்தான் வேலை நடந்திருக்கிறது, பட்டியே இல்லை, நன்றாக இருக்கிறது. மூன்றாமவர் நம்பர் மாறிவிட்டது. நான்காமவர் வண்டியை விற்றுவிட்டார். வாங்கியவர் பர்கூரில் இருக்கிறார் என்று நம்பர் கொடுத்தார்.

பர்கூர்க்காரரிடம் விவரம் சொன்னேன். "நான் உங்ககிட்ட வேலையே குடுக்கலையே சார், எதுக்கு சும்மா பண்ணித் தரீங்க?" என்று கேட்டார். வேலை அந்த வண்டியில் இருக்கிறது என்றேன். சரி, திங்கட்கிழமை அந்தப் பக்கம் வருகிறேன், பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்.

மே 20, திங்கள்

வந்தார். நல்ல வெயில் வரட்டும் என்று பதினொரு மணி வரை வண்டியை வெளியிலேயே நிறுத்தினோம். கன்னத்தைக் கதவோடு ஒட்டிவைத்துச் சரிவாகப் பார்த்தேன். வலது முன் கதவில், கைப்பிடிக்கு ஒரு ஜாண் கீழே ஐந்து புள்ளி. கை வைத்தால் தெரியும், நேராகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. அவர் விரலை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன்.

"ஆமா" என்றார்.

புதன்கிழமை வண்டியை விடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பையனுக்கு இருமல் இல்லை. மாற்று நம்பர் தெரியாத அந்த மூன்றாவது வண்டியின் பெயரை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.