பால் கேனில் கோன்ஃப்ளவர்: விதையிலிருந்து இரண்டாம் கோடை வரை

சிகாகோவின் புறநகரில் வீடு. வேலியோரம் நீளமாக ஒரு பாத்தி சும்மா கிடந்தது. கோன்ஃப்ளவர் (எக்கினேசியா) என்று, நடுவில் முட்கூம்பும் சுற்றிலும் இதழும் வைத்துப் பூக்கும் செடியால் அதை நிரப்ப ஆசை. நர்சரியில் செடியாக வாங்கினால் பர்ஸ் தாங்காது, அதனால் விதைதான். பர்ப்பூரியா எனும் ஊதா வகை, பாலிடா எனும் வெளிர் வகை, இரண்டும் எடுத்தேன். இரண்டுமே இந்தப் பக்கத்துப் புல்வெளிகளில் தானாக வளர்பவை. கடையில் மினுக்கும் ஆரஞ்சு, அடுக்குப் பூ கலப்பினங்களின் பக்கம் போகவில்லை. அவற்றின் விதை தாய்ச்செடியைப் போல வராது. பேர் பெற்ற ரகம்தான் வேண்டும் என்பவர்களுக்கு மேக்னஸ் இருக்கிறது. 1998இல் ஆண்டின் சிறந்த பல்லாண்டுச் செடியாகத் தேர்வானது, விதையிலிருந்தும் நன்றாகவே வரும்.

இந்த விதைக்குக் குளிர் வேண்டுமா, வேண்டாமா என்பதில் ஆளுக்கொரு பேச்சு. அதனால் மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தேன். ஒரு பங்கை நேரே வீட்டுக்குள் விளக்கின் கீழ் விதைத்தேன். இன்னொரு பங்கை ஈர வெர்மிகுலைட்டில் (ஈரம் பிடித்து வைக்கும் லேசான தாதுத் துகள்) கலந்து பையில் போட்டு பிரிட்ஜில் வைத்தேன். பர்ப்பூரியாவுக்கு ஒரு மாதம், பாலிடாவுக்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. பாக்கெட்டோடு உலர்ந்த விதையை வைத்தால் பயனில்லை. ஈரமும் குளிரும் சேர்ந்தால்தான் விதையின் உறக்கம் கலையும். இலையுதிர் காலத்தில் உதிர்ந்த கையோடு முளைத்துப் பனியில் சாகாமல் இருக்க அது போட்டுக்கொண்ட பூட்டு அப்படி.

மூன்றாவது பங்கு பால் கேனுக்கு. கடையில் பால் வரும் ஒரு கேலன் பிளாஸ்டிக் கேனைக் கைப்பிடிப் பக்கம் மட்டும் விட்டுச் சுற்றிலும் அறுத்து, அடியில் துளை போட்டு, நாலு விரற்கடை மண் நிரப்பி, விதையைத் தூவி மேலே மண் தூளை லேசாகச் சிதறினேன். வெளிச்சம் பட்டால் நன்றாக முளைக்கும் விதை, ஆழம் கூடாது. டேப் ஒட்டி, மூடியைக் கழற்றிவிட்டு ஜனவரியில் வெளியே வைத்தாயிற்று. பனி விழுந்து, உருகி, மறுபடி உறைந்து, எல்லாம் அதன் பாட்டுக்கு நடந்தது.

பர்ப்பூரியா எப்படிப் போட்டாலும் முளைத்தது. குளிர் காணாதவை முன்னும் பின்னுமாக வந்தன, பிரிட்ஜில் இருந்தவை ஒன்றாக எழுந்தன, அவ்வளவுதான் வித்தியாசம். பாலிடாவில் குளிர் காணாத தட்டு கடைசி வரை வெறும் மண். ஆக, பேச்சு ஆளுக்கொன்றாக இருந்ததற்குக் காரணம் யார் எந்த வகையைப் போட்டார்கள் என்பதுதான்.

என் ஓட்டு பால் கேனுக்கே. ஏப்ரல் கடைசியில்தான் தலைகாட்டின, ஆனால் குட்டையாக, தண்டு தடித்து வந்தன. வீட்டு நாற்றுகளை வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்க தினமும் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளேயும் வெளியேயும் நடக்கும் வேலை இதில் இல்லை. பாலிடா நாற்று ஒல்லி இலையோடு புல் போலவே இருக்கும். பெயர்க்குச்சி நடாவிட்டால் களை என்று பிடுங்கிவிடுவீர்கள். அதற்கு ஆணிவேர் என்பதால் சின்னதிலேயே நிரந்தர இடத்தில் வைத்துவிட வேண்டும். சல்லிவேர்க்காரப் பர்ப்பூரியா இடமாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும்.

முதல் வருடம் தரையோடு இலைக்கொத்து மட்டும். முயல்கள் அதையும் விடவில்லை, கோழிவலை சுற்ற வேண்டியதாயிற்று. அடுத்த ஜூலையில் பர்ப்பூரியா பூத்தது, பம்பிள் தேனீக்கள் விடிந்ததும் வந்துவிட்டன. ஒரு செடியில் மட்டும் பூ பச்சையாகி, நடுக்கூம்பிலிருந்து குட்டி இலைகள் கிளம்பின. நம் ஊரில் எள்ளுக்கு வரும் பூவிலை நோயின் சொந்தக்காரன்தான்: பைட்டோபிளாஸ்மா என்ற பாக்டீரியா வகைக் கிருமி, பரப்புவது தத்துப்பூச்சி. மருந்து கிடையாது, வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டேன்.

காய்ந்த தலைகளில் பாதியை கோல்ட்ஃபிஞ்ச் குருவிகளுக்கு விட்டுவிட்டு, மீதியைக் கையுறை போட்டு உதிர்த்து வைத்திருக்கிறேன். முள் நன்றாகவே குத்தும். பாலிடா இன்னும் இலையில்தான் நிற்கிறது. வரும் ஜனவரிக்குப் பால் கேன்களைச் சேர்க்க ஆரம்பித்தாயிற்று, பிரிட்ஜ் பக்கம் இனி போவதாக இல்லை.