கச்சான் காற்றில் ஒரு புள்ளிமான் கேக்

ஐசிங் உருகாமல் நின்றுவிட்டது. ஓகஸ்ட் மாதம், பிற்பகல் நாலு மணி, தென்மேல் பருவக்காற்றான கச்சான் அனலாக அடிக்கிறது, விறாந்தைச் சுவரில் தொங்கும் வெப்பமானி 34 காட்டுகிறது. அந்த நிலையிலும் மானின் முதுகில் இழை இழையாக இழுத்துவிட்ட ஐசிங் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கிறது. திருகோணமலையில் பட்டர் ஐசிங்கோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்கள் இவன் பெருமையடிக்கிறான் என்று நினைத்தால், ஆம், அடிக்கத்தான் போகிறேன்.

இது ஒத்திகைக் கேக்தான். மகளின் நாலாவது பிறந்தநாள் வரும் வெள்ளிக்கிழமை. அன்று காலையில் கோயிலில் அர்ச்சனை, கொண்டாட்டம் சனிக்கிழமை மாலை வீட்டில். வெள்ளியில் வைத்தால் மீன் ரோல்ஸ் போட முடியாது, முட்டை போட்ட கேக்கை வீட்டுப் பெரியவர்களே தொடமாட்டார்கள். ஆகவே சனி.

கோணேசர் கோயிலுக்குப் போகிறபோதெல்லாம் பிரெட்றிக் கோட்டைக்குள் மேயும் மான்களைப் பார்த்துப் பார்த்து, கேக் என்றால் புள்ளிமான்தான் என்று பிள்ளை முடிவெடுத்துவிட்டாள். இளவரசி, டைனோசர் என்று எதையாவது கேட்டிருந்தால் கடையில் அச்சு வாங்கியிருப்பேன். மானுக்கு அச்சும் கிடையாது, மேலே குத்தி வைக்கிற பொம்மையும் கிடையாது. நல்லதுதான், வாங்கி ஒட்டுவதில் என்ன சுகம் இருக்கிறது.

உடல் கட்டுவதைப் பற்றி நீட்டப்போவதில்லை. 500 கிராம் பட்டர் கணக்கில் எங்கள் வழக்கமான பட்டர் கேக். ஸ்பொஞ்ச் இந்த வேலைக்குத் தாங்காது. எட்டு அங்குல வட்டத்தை இரண்டாக வெட்டி, இரண்டு அரைவட்டத்தையும் முகத்தோடு முகம் ஒட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்க நிமிர்த்தி வைத்தால் படுத்திருக்கும் மானின் முதுகு வந்துவிடும். தலை, வெட்டித் தள்ளிய துண்டுகளை உதிர்த்து ஐசிங்கோடு பிசைந்து உருட்டியது. மடக்கிய கால்களுக்குச் சுவிஸ் ரோல் துண்டுகள். நிற்கிற மான் செய்ய ஆசைதான், ஆனால் அந்தக் கால்களுக்குள் கம்பி விட வேண்டும். நாலு வயதுப் பிள்ளைகளின் தட்டில் கம்பி வேண்டாம்.

சரி, ஐசிங்குக்கு வருகிறேன். பட்டர் 32 முதல் 35 பாகைக்குள் உருகிவிடுகிற சாமான். எங்கள் விறாந்தையின் மாலை வெயில் அதே அளவு. தென்மேல் பருவக்காற்று மழையை எல்லாம் மலைநாட்டுக்கு அந்தப் பக்கத்தில் கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாக இறங்கி எங்களிடம் வருகிறது. இணையத்தில் குளிர் நாட்டுக்காரர்கள் 'அறை வெப்பநிலையில் பட்டரை வையுங்கள்' என்று சொல்கிறபோது எரிச்சல்தான் வருகிறது. எங்கள் அறை வெப்பநிலையில் வைத்தால் கரண்டியால் எடுக்கிறதா, கோப்பையில் ஊற்றுகிறதா?

கொழுப்பை மாற்றி மாற்றி ஒரு பரீட்சை வைத்தேன். முழுப் பட்டர், முழு மாஜரின், பாதிப் பட்டர் பாதி ஷோர்ட்னிங் (பேக்கரிக்காரர் பாவிக்கிற வெள்ளைத் தாவரக் கொழுப்பு), முழு ஷோர்ட்னிங். நாலிலும் கொழுப்புக்கு இருமடங்கு ஐசிங் சீனி. ஒவ்வொன்றிலும் ஒரு பூவைச் சின்னத் தட்டில் பிழிந்து, எறும்பு ஏறாமல் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்துக்குள் வைத்து, கொண்டாட்டம் நடக்கிற அதே நேரத்தில் விறாந்தையில் விட்டேன். முழுப் பட்டர் பூ அரை மணிக்குள் முனை மடிந்து, அடியில் மஞ்சளாக ஒரு எண்ணெய் வளையம் விட்டது. மாஜரின் கொஞ்சம் பொறுத்தது, ஆனால் மேல் முழுக்க வியர்த்த முகம்போல் மினுங்கியது, உப்பும் தூக்கலாகத் தெரிந்தது. ஷோர்ட்னிங் பூ இருட்டும்வரை அசையவேயில்லை. அதன் உருகுநிலை 40 பாகைக்கும் மேலே, அசையத் தேவையில்லை. வாயிலும் அது உருகுவதில்லை என்பதுதான் தொல்லை. மேலண்ணத்தில் மெழுகு பூசிவிட்டதாக இருக்கும், தேநீர் குடித்துக் கழுவ வேண்டும்.

பாதிக்குப் பாதி நன்றாகவே நின்றது. அதிலும் ஒரு படி மேலே போய், உள்ளுக்கும் வெளிக்கும் வேறு வேறு ஐசிங் போட்டேன். இந்தக் கேக்கில் எனக்கு ஆகப் பிடித்த யோசனை இது. இரண்டு அரைவட்டங்களுக்கு நடுவில் சுத்தமான பட்டர் ஐசிங். அது கேக்குக்குள் குளிராகப் பதுங்கிக் கிடக்கும், வெளிக் காற்று அதைத் தொடுவதற்குள் வெட்டி முடிந்துவிடும், நாக்குக்கு முதலில் தெரிகிற ருசியும் அதுதான். வெளியே மயிருக்கு 300 கிராம் ஷோர்ட்னிங், 200 கிராம் பட்டர், ஒரு கிலோ ஐசிங் சீனி, 60 கிராம் கொக்கோ. பால் இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் விடவில்லை. கொக்கோ நிறத்துக்காக மட்டும் இல்லை. அது ஈரத்தை இழுத்து ஐசிங்கை இறுக்குகிறது. மானின் செம்மண் நிறத்துக்கு ஒரு துளி மஞ்சளும் ஒரு துளி சிவப்பும் போதும், மீதியைக் கொக்கோ பார்த்துக்கொள்ளும்.

இனித்தான் உண்மையான வில்லங்கம். கோப்பைக்குள் நன்றாக இருக்கிற ஐசிங் கைக்குள் போனதும் கெடுகிறது. கையின் சூடு வெயிலை விடக் கூட. மயிர் இழுக்க நான் பாவிப்பது 233ஆம் இலக்க நொசில், புல்லுக்குப் பாவிப்பார்களே, பல ஓட்டைகள் உள்ளது. பையில் ஐசிங்கின் சூடு 24 பாகை அளவில் இருந்தால் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக வருகிறது. 28ஐத் தொட்டதும் இழைகள் ஒன்றோடொன்று கூடிக் களியாகிவிடுகின்றன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மான் எருமை ஆகிறது. குளிரக் குளிரப் பிழிந்தாலும் சரிவராது. இழை பாதியில் அறுந்து விழும், இல்லாவிட்டால் பை வெடிக்கும். ஆக நாலு பாகைக்குள்தான் எங்களுக்கு வேலை.

மீன்காரர்கள் ஐஸ் போடப் பாவிக்கிற வெள்ளை நுரைப் பெட்டி, ரெஜிபோம் பெட்டிதான் கைகொடுத்தது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற நாட்களில் பாலையும் பட்டரையும் அதற்குள்தான் காப்பாற்றி வைத்தோம், அப்போது பழகிய பழக்கம். இந்த வேலைக்குப் புதுப் பெட்டி வாங்கினேன். ஆனாலும் அதைப் பார்த்ததும் மாமி கேட்டது, "தம்பி, கேக்கில மீன் மணக்காதோ?" உடைத்த ஐஸை இரட்டைப் பையில் கட்டி அடியில் போட்டு, மேலே ஒரு துவாயை மடித்து விரித்து, அதன்மேல் பிழியும் பைகளை வைக்கிறேன். ஐஸில் நேரே பட்டால் ஒரு பக்கம் கல்லாகிவிடும், துவாய் கட்டாயம். ஒரு பையில் ஒரு கைப்பிடி அளவுதான் நிரப்புவது. ஒன்று கையில், ஒன்று பெட்டியில். இழை மினுங்கத் தொடங்கியதும் மாற்றிவிடுவது. பையை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்காமல் மேல் முறுக்கை மட்டும் பிடித்து, நடுவில் ஒரு பருத்திக் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டால் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கும். வாலிலிருந்து தொடங்கிக் கழுத்துப் பக்கம் வர வேண்டும், அப்போதுதான் பிந்திய வரிசை முந்திய வரிசையின் வேரை மூடும்.

நொசிலைப் பற்றிப் புலம்பாமல் விட்டால் மனம் ஆறாது. இணையத்தில் ஓடர் பண்ணி வந்த ஒன்றில் 233 என்று அச்சடித்திருந்தது, பாதி ஓட்டைகள் சரியாகத் துளைபடவில்லை. உள்பக்கம் தகரப் பிசிறு வேறு. பிள்ளைகள் சாப்பிடுகிற சாமானில் பிசிறு வரலாமா? திருப்பி அனுப்பக் கேட்டால் பதில் இல்லை. நல்லது கிடைத்த பிறகும் ஐசிங் சீனியின் ஒரு சின்னக் கட்டி போதும், ஒரு ஓட்டை அடைத்து மானின் முதுகில் ஒரு கோடு வழுக்கையாகிவிடும். அரிதட்டில் அரித்தால் போதாது. அதற்கு மேல் மெல்லிய வெள்ளைத் துணியில் ஒருமுறை அரித்தேன். குசினி முழுக்க வெள்ளைப் புகை. பக்கத்தில் தையல் ஊசி ஒன்று, அடைத்தால் குத்தி எடுக்க. ஊசியை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள், கேக் வேலை.

ஷோர்ட்னிங் வாங்குவது தனிக் கதை. பெட்டியாகத்தான் தருவோம் என்கிறார்கள், பேக்கரிக்காரர் வாங்குகிற அளவில். எங்கள் பக்கத்தில் ஒரு கடைக்காரர் மட்டும் உடைத்து நிறுத்துத் தருகிறார். கொழும்புக்கு யாராவது இரவு ரயிலில் போனால் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் கேக் போர்ட், பெட்டி, கடதாசிக் கோப்பை எல்லாம் மொத்த விலைக்கு வாங்கிவரச் சொல்லிவிடுவேன். கேக் போர்டை மட்டும் அளவு சொல்லி அனுப்ப வேண்டும். எங்கள் ஒற்றைக் கதவு பிரிட்ஜுக்குள் பன்னிரண்டு அங்குலத்துக்கு மேல் நுழையாது.

பிரிட்ஜ் என்றதும் ஒன்று. குளிரிலிருந்து எடுத்த கேக் வியர்த்து வடிகிற பிரச்சினை இந்த மாதத்தில் அவ்வளவு இல்லை. கச்சான் காய்ந்த காற்று, கேக்கில் படிகிற ஈரம் சீக்கிரம் உலர்ந்துவிடுகிறது. வெயிலைத் திட்டினாலும் இந்த ஒன்றுக்கு நன்றி சொல்லலாம். கார்த்திகை, மார்கழியில் மழை தொடங்கினால் எல்லாம் தலைகீழ். தம்பியின் மகனுக்கு அப்போதுதான் பிறந்தநாள், ரயில் எஞ்சின் வேண்டுமாம். அந்த ஈரக்காற்றில், கேக்கின்மேல் விரித்து மூடுகிற சீனிப் பசையான போண்டன்ட் அழுது வழியும். வெள்ளைச் சொக்லட் கனாஷை மூன்று பங்கு சொக்லட்டுக்கு ஒரு பங்கு கிரீம் என்று இறுக்கமாகச் செய்து பூசலாமா என்று யோசிக்கிறேன். அதைப் பிறகு பார்ப்போம், இந்த மானே இன்னும் முடியவில்லை.

சனிக்கிழமைக்கான மற்ற வேலைகள் பெரும்பாலும் மனைவியின் பொறுப்பு. ரோல்ஸும் கட்லட்டும் வெள்ளி இரவே உருட்டி வைத்தாகிவிடும், பொரிப்பது சனி மத்தியானம். பிள்ளைகளுக்கு முந்திரிகைப் பழம் (திராட்சை) வைக்கிறதென்றால் நீளவாட்டில் வெட்டித்தான். முழுசாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும். பெரிய பலூனுக்குள் டொபி போட்டு உடைக்கிற விளையாட்டுக்கும் இந்த முறை மெல்லிய ஜெலி இனிப்புத்தான். வெடித்த பலூன் துண்டுகளைப் பொறுக்க அண்ணாவின் பெரிய மகனை நியமித்திருக்கிறோம். வருகிற பிள்ளைகளில் கைக்குழந்தைகளும் உண்டு, ரப்பர் துண்டு வாய்க்குள் போனால் எடுப்பது கஷ்டம். பலூன் எல்லாம் விறாந்தைக்கு உள்ளேதான். முற்றத்தில் கட்டினால், மீன்பிடிக்கிற தங்கூசி நூலால் கட்டினாலும் காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும். எங்கள் ஒழுங்கைக்கு இராத்திரியில் மான் வரும். நகரத்து மான்கள் பொலித்தீனைத் தின்று படுகிற பாடு தெரிந்ததுதானே. மான் கேக் வெட்டிவிட்டு மானுக்குக் குப்பை போடுவதா?

யானைக்குக் கண் வைக்கிற விளையாட்டை மானுக்கு வால் வைப்பதாக மாற்றிப் படம் கீறியாகிவிட்டது. சங்கீதக் கதிரை வேண்டாம் என்று நான் சொன்னேன். இந்த வயதில் கதிரை கிடைக்காத பிள்ளை அழும், அதைப் பார்த்துக் கிடைத்த பிள்ளையும் அழும்.

மெழுகுதிரி ஏற்றுகிற நேரம்தான் எனக்குக் கொஞ்சம் பயம். மின்விசிறியை நிறுத்த வேண்டும், யன்னலைச் சாத்த வேண்டும், எல்லாரும் மேசையைச் சுற்றி நெருங்குவார்கள், அப்போதுதான் யாரோ ஒரு மாமா வரும்வரை பொறுங்கள் என்பார்கள். ஆகவே ஒத்திகையில் மின்விசிறி இல்லாமல், யன்னல் சாத்திய அறையில் இருபது நிமிடம் கேக்கை வைத்துப் பார்த்தேன். மயிர் கலையவில்லை. வெள்ளைப் புள்ளி ஒன்றிரண்டு மட்டும் சற்றே சரிந்தது. புள்ளிகளுக்கு முழு ஷோர்ட்னிங் ஐசிங் வைத்தால் போதும், சின்னப் புள்ளியில் மெழுகு ருசி தெரியாது.

பார்த்துவிட்டு மாமி சொன்னார், "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா கொஞ்சம் ஆட்டுக்குட்டி மாதிரியும் கிடக்கு." மகளின் கேள்வி வேறு.

"அப்பா, கொம்பு எங்க?"

"இது அம்மா மான். அம்மா மானுக்குக் கொம்பு இல்லை."

"அப்ப இதை அப்பா மான் ஆக்குங்க."

தப்பிக்கலாம் என்று பார்த்தேன், நடக்கவில்லை. இனிக் கொம்புதான் மிச்சம். பக்கத்துக்கு மூன்று கிளை வர வேண்டும். கொம்பவுண்ட் சொக்லட்டில் செய்தது மாலைக்குள் காது மாதிரித் தொங்கிவிட்டது. முட்டை வெள்ளைக்கருவில் அடிக்கிற ரோயல் ஐசிங்கில் கடதாசிமேல் வரைந்தது இந்தக் காற்றுக்கு ஒரே இரவில் எலும்பாகக் காய்ந்தது, ஆனால் கடதாசியை உரிக்கும்போது கிளைகள் ஒடிகின்றன. மாமி சொல்கிற வழி, முறுக்கு. ஒற்றை நட்சத்திர அச்சில், எண்ணெய் தடவிய வாழையிலையில் கொம்பு வடிவமாகப் பிழிந்து, மெதுவாக எண்ணெயில் வழுக்கிவிடுவது. அடியில் ஒரு விரல் நீளம் கூடுதலாக விட்டால் தலைக்குள் குத்தி நிறுத்தலாம். உப்பும் ஓமமும் போடாமல் வெறும் மாவில் செய்தால் கேக்கோடு சேரும், வெந்த பிறகு கொக்கோ தூவிக்கொள்ளலாம். கிளைகள் கூடுகிற இடத்தில் மா பிரியாமல் இருக்க ஈரக்கையால் அழுத்த வேண்டுமாம். முறுக்கு உரலை மாமி கழுவிக் காயவைத்துவிட்டார், வியாழன் மாலை பிழிந்து பார்க்கிறோம்.