32 செகண்ட்ல கட் ஆகுற போன்

மார்ச் 3

மூணு ஆபீஸையும் இன்டர்நெட் வழியாவே போன்ல இணைச்சிடணும்ங்கிற வேலை என் தலைல விழுந்துருக்கு. இப்ப ஆளாளுக்கு சொந்த செல்போன்ல பேசிக்கிறாங்க, யாராவது வேலைய விட்டுப் போனா கஸ்டமர் காலும் அவங்களோட போயிடுது. ஹெட் ஆபீஸ்ல சும்மா கெடக்குற கம்ப்யூட்டர்ல ஆஸ்டரிஸ்க் போட்டாச்சு, கம்ப்யூட்டரையே போன் எக்ஸ்சேஞ்சா மாத்துற, 1999ல இருந்து இருக்குற இலவச சாஃப்ட்வேர்தான். நம்பர் மூணு இலக்கம் போதும்னாரு மேனேஜர், நான் நாலு வெச்சேன், முதல் எண்ணைப் பாத்தாலே எந்த ஆபீஸ்னு தெரியணும்ல.

கணக்கும் போட்டேன். ஜி.711னு குரலை டிஜிட்டலா மாத்துற முறைல குரலுக்கு மட்டும் 64 கேபிபிஎஸ் (செகண்டுக்கு 64 ஆயிரம் பிட்), அதைத் துண்டு துண்டா வெட்டி 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட்னு செகண்டுக்கு 50 பாக்கெட், ஒவ்வொண்ணுக்கும் தலைல விலாசம் எழுதுற சுமை, எல்லாம் சேத்து ஒரு காலுக்கு சுமார் 87 கேபிபிஎஸ். பத்து பேர் ஒரே நேரத்துல பேசினாலும் 1 எம்பிபிஎஸ் தாண்டாது, நம்ம லைன் 50 எம்பிபிஎஸ், இதுல என்ன பிரச்சனை வரப்போகுது? (இந்த வரிய அழிக்காம அப்படியே வெச்சிருக்கேன், மேல படிங்க.)

மார்ச் 5

ரெண்டாவது ஆபீஸ்ல போன் மாட்டியாச்சு, ரிங் போகுது, எடுக்குறாங்க, அக்கவுண்ட்ஸ் அக்கா பேசுறது எனக்கு தெளிவா கேக்குது, நான் பேசுறது அங்க போகவே இல்ல. "தம்பி இருக்கீங்களா, வாயத் திறந்து பதில் சொல்லுங்க"ங்கிறாங்க, இருக்கேன்க்கா இருக்கேன்க்கானு நான் கத்துறேன், பக்கத்து சீட்டெல்லாம் திரும்பிப் பாக்குது.

விஷயம் என்னன்னா ரிங் அடிக்கிறது ஒரு வழி, குரல் போறது வேற வழி. எஸ்ஐபிங்கிற முறை காலைப் பேசி முடிவு பண்ணும், ஆர்டிபிங்கிற இன்னொரு முறைதான் குரலைத் தூக்கிட்டுப் போகும். அந்தப் பேச்சுல அக்கா போன் தன்னோட விலாசம் 192.168னு ஆரம்பிக்கிற உள் விலாசம்னு எழுதி அனுப்புது, அந்த ஆபீஸுக்கு வெளிய அதுக்கு அர்த்தமே கிடையாது, என் சர்வர் அதை நம்பி குரலைக் கண்காணாத இடத்துக்கு அனுப்பிட்டு இருந்துருக்கு. போன் சொல்ற விலாசத்தை விட்டுடு, சத்தம் எங்கிருந்து வருதோ அங்கயே திருப்பி அனுப்புனு ஒரு செட்டிங் இருக்கு, அதைப் போட்டதும் சரியாயிடுச்சு.

மார்ச் 6

மூணாவது ஆபீஸ். ரெண்டு பக்கமும் நல்லா கேக்குது, ஆனா பேச்சு சூடு பிடிக்கும்போது கட். மறுபடி போட்டா மறுபடி கட். கடிகாரத்தைப் பாத்தேன், ஒவ்வொரு தடவையும் சரியா 32 செகண்ட். லைன் மோசமா இருந்தா இப்படி அளந்து வெட்டாது.

காலை எடுத்த பக்கம் "எடுத்துட்டேன்"னு சொன்னதும் கூப்பிட்ட பக்கம் "சரி"னு ஒரு பதில் அனுப்பணும். அது வரலைன்னா திரும்பத் திரும்ப சொல்லிப் பாக்கும், அரை செகண்ட் பெருக்கல் 64, அதாவது 32 செகண்ட் ஆனதும் போதும்டா சாமினு காலையே முடிச்சிடும். அந்த "சரி"யக் காணாம அடிச்சது அங்க இருந்த ரூட்டர்! எஸ்ஐபி ஏஎல்ஜினு ஒரு வசதி, உதவி பண்றேன்னு பாக்கெட்டுக்குள்ள கைய விட்டு விலாசத்தைத் தப்புத்தப்பா மாத்தி எழுதுது. அணைச்சேன், தீந்துச்சு. இந்த வசதியால நல்லது நடந்து நான் பாத்ததே இல்ல.

மார்ச் 7

காலைல சர்வரோட லாக் பதிவைப் பாத்து பக்னு ஆயிடுச்சு. எஸ்ஐபி வந்து போற வாசலான 5060 போர்ட் இன்டர்நெட் பக்கம் திறந்து கெடந்துச்சு, ராத்திரி முழுக்க யாரோ 100, 101, 1000னு வரிசையா பாஸ்வேர்ட் போட்டுப் பாத்துருக்காங்க. உள்ள வந்திருந்தா நம்ம கணக்குல வெளிநாட்டுக்கெல்லாம் கால் பறந்துருக்கும். உடனே மூடிட்டு மூணு ஆபீஸுக்கும் நடுவுல விபிஎன் போட்டேன், இன்டர்நெட்டுக்குள்ளயே நமக்குன்னு ஒரு தனி சுரங்கப்பாதை மாதிரி, பாக்கெட்டுக்கு கொஞ்சம் எடை கூடும், பரவால்ல. உள் விலாசமெல்லாம் இப்ப நேரடியா பேசிக்குது, முதல் நாளே இதைச் செஞ்சிருந்தா மேல எழுதின ரெண்டு நாள் கூத்தும் இல்ல.

மார்ச் 12

தினமும் சாயங்காலம் 4 மணிக்கு அக்கா குரல் டின்னுக்குள்ள இருந்து வர்ற மாதிரி துண்டு துண்டா கேக்குது. நாலு மணிக்கு அங்க என்ன நடக்குதுனு கேட்டா, பேக்கப் மேல ஏறுற நேரமாம். 50 எம்பிபிஎஸ்னு நான் பெருமையா எழுதினது டவுன்லோட், அப்லோட் வெறும் 10தான், அதை பேக்கப் மொத்தமா அடைச்சுக்குது. பிங், அதாவது ஒரு பாக்கெட் போய்த் திரும்புற நேரம், 20 மில்லிசெகண்ட்ல இருந்து 600க்கு ஏறுது. ஒரு பக்கம் போய்ச்சேர 150 மில்லிசெகண்டுக்குள்ள இருந்தாதான் பேச்சு இயல்பா இருக்கும்.

குரல் பாக்கெட்டுக்கு முன்னுரிமை முத்திரை குத்தினேன், பிரயோஜனம் இல்ல, வெளிய லைன்ல அதை யாரும் மதிக்கிறதில்ல. கடைசில ரூட்டர்லயே அப்லோடை 9க்கு கட்டுப்படுத்தினேன், அப்பதான் வரிசை நம்ம வீட்டு வாசல்லயே நிக்கும், யாரை முதல்ல விடணும்னு நாமளே சொல்லலாம். பேக்கப்பையும் ராத்திரிக்குத் தள்ளியாச்சு.

மார்ச் 14

கரண்ட் போச்சு. ரூட்டர் யூபிஎஸ்ல, சர்வர் யூபிஎஸ்ல, போனுக்கெல்லாம் கேபிள் வழியா கரண்ட் குடுக்குற ஸ்விட்ச் மட்டும் செவுத்து பிளக்ல. அக்கா செல்போன்ல கூப்பிட்டு "தம்பி, உங்க போன் செத்துடுச்சு"ன்னாங்க. ஸ்விட்சை மாத்தி மாட்டியாச்சு, அவங்க செல் நம்பரையும் போன் பக்கத்துல எழுதி ஒட்டிட்டேன்.