நோன்புக்கால வாசிப்பு

பிப்ரவரி 28, 2025, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்ததும் அலமாரியைத் திறந்து உட்கார்ந்தேன். ரமளானில் பழைய மார்க்க அறிஞர் இமாம் மாலிக் ஹதீஸ் (நபிமொழி) பாடத்தைக்கூட நிறுத்திவிட்டுக் குர்ஆனோடு மட்டும் இருப்பார் என்று சொல்வார்கள். அவ்வளவு பெரியவரே அப்படியென்றால், பத்துப் புத்தகங்களை அடுக்கிக்கொள்வது எனக்கு அதிகம்தான். குர்ஆன், அதன் பக்கத்தில் அப்துல் ஹமீது பாகவியின் தமிழ் மொழிபெயர்ப்பு. இவை போக ஒன்றிரண்டு போதும்.

தேர்வுக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன்: படித்து முடித்த கையோடு யாரிடமாவது வாதத்துக்குப் போகத் தோன்றும் புத்தகம் நோன்புக்கு ஆகாது. அந்த விதியில் ஒரு தட்டே காலியானது. மறுப்பு நூல்கள், மறுப்புக்கு மறுப்பு, குர்ஆனில் விஞ்ஞானம் தேடும் வகையறா எல்லாம் பெருநாள் கழித்து வரட்டும்.

மார்ச் 2, பிறை 1 (நோன்பின் முதல் நாள்)

குர்ஆனின் மதீனா பதிப்பு 604 பக்கம். ஒரு ஜுஸ்வு, அதாவது முப்பதில் ஒரு பகுதி, ஏறக்குறைய 20 பக்கம். ஐந்து வேளைத் தொழுகைக்குப் பின்னும் நான்கு நான்கு பக்கம் ஓதினால் கணக்கு சரியாகிவிடும். தமிழ்ப் பொருளோடு படித்தால் இந்தக் கணக்கு நிற்காது. பொருளுக்கு நான் தினசரி இலக்கு வைப்பதில்லை. நோன்பைப் பற்றிய அல்பகரா அத்தியாயத்தின் 183 முதல் 187 வரையிலான வசனங்கள் எப்படியும் இரண்டாவது ஜுஸ்விலேயே வந்துவிடுகின்றன.

மார்ச் 6, பிறை 5

மார்க்க அறிஞர் கஸ்ஸாலியின் ‘இஹ்யா’ நூல் 40 பாகம். முழுவதையும் ஒரு மாதத்தில் படிக்கிறேன் என்று கிளம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் பாகத்தைத் தாண்டியவர் குறைவு. நான் நேரே ஆறாவதற்குப் போய்விடுவேன். அதுதான் நோன்பின் பாகம். வயிற்றின் நோன்பு, கண் காது நாக்கு கை கால்களின் நோன்பு, உள்ளத்தின் நோன்பு என்று மூன்று படி வைக்கிறார். பகலில் விட்டதையெல்லாம் இரவில் சேர்த்துச் சாப்பிட்டால் நோன்பினால் என்ன பயன் என்று கேட்கிறார். நோன்பு திறக்கும் மஃரிபுக்குச் சற்று முன்னால் அந்த இடத்தைப் படித்தேன். எதிரே கஞ்சி, வடை, சமோசா, கடற்பாசி, பழத்தட்டு. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டு மனிதருக்கு நம் வீட்டுத் தஸ்தர்கான் (சாப்பாட்டு விரிப்பு) எப்படித் தெரிந்தது!

மார்ச் 12, பிறை 11

ராத்தா (அக்கா) மகள் சென்னையிலிருந்து போன் செய்தாள். “மாமா, என் தோழி இஸ்லாத்தைப் பற்றிப் படிக்கவேண்டும் என்கிறாள். எது கொடுக்கட்டும்?” தோழி முஸ்லிம் அல்ல, விடுதியில் இவளோடு ஒரு நாள் நோன்பும் வைத்தாளாம்.

இந்தக் கேள்விக்கு நம்மவர்கள் உடனே ஒரு துண்டுப் பிரசுரத்தை நீட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முஹம்மது அசதின் தன்வரலாறான ‘தி ரோட் டு மெக்கா’வைச் சொன்னேன். 1900இல் லெம்பெர்க் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்து, ஜெர்மன் பத்திரிகை நிருபராக அரபு நாடுகளுக்குப் போய், 1926இல் இஸ்லாத்துக்கு வந்தவர். முதல் அத்தியாயத்தின் பெயரே தாகம். நஃபூத் பாலைவனத்தில் வழி தவறி, தண்ணீர் தீர்ந்து, நாக்கு வறண்டு கிடக்கிறார். நம் ஊர் வெயிலில் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அந்தப் பக்கங்களைப் படித்துப் பார்க்கவேண்டும்; தொண்டை தானாக ஒட்டிக்கொள்ளும்.

கூடவே தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யும் கொடு என்றேன். “மாமா, அதில் நம் ஆட்களைத்தானே திட்டியிருக்கிறார்?” என்றாள். அதனால்தான் கொடுக்கச் சொல்கிறேன். மார்க்கம் எது, மார்க்கத்தின் பெயரால் முதலாளி செய்வது எது என்று பிரித்துப் பார்க்க அந்த நாவல் பழக்கிவிடும்.

மார்ச் 18, பிறை 17

பத்ருப் போர் நடந்த நாள். முபாரக்பூரி எழுதிய நபி வரலாறான ‘ரஹீக்’கில் அந்த அத்தியாயத்தைப் படித்தேன். ஹிஜ்ரி 2, அதாவது 624. நபியின் பக்கம் முந்நூற்றுச் சொச்சம் பேர், எதிரே ஆயிரம் பேர். நபியின் பக்கம் இரண்டே குதிரைகள். எனக்குப் பிடித்தது போருக்குப் பின்னால் வருவது. மீட்புப்பணம் கொடுக்க வழியில்லாத, எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகள் மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்து விடுதலை ஆகலாம்.

இரவு தராவீஹ் தொழுகை முடிந்து, நபியைப் பாடும் உமறுப் புலவரின் சீறாப்புராணம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களை ஒரு மாதத்தில் முடிக்க எண்ணக்கூடாது. படலம் படலமாக, உரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போகவேண்டும். நாட்டுப் படலத்தில் புலவர் அரபு நாட்டில் மழை பெய்வித்து, ஆறு ஓடவிட்டு, நெல் நாற்று நடவைத்திருக்கிறார். வரலாறு வேண்டுமென்றால் ரஹீக் இருக்கிறதே! இங்கே நபியின் ஊர் ஒரு தமிழ்ப் புலவனின் ஆசையில் எப்படி விளைந்தது என்று பார்க்கலாம். மானுக்குப் பிணை நின்ற படலத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சீறாவை மூடிவைத்துவிட்ட சமுதாயம் நம்முடையது. பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) உருதுக் கவிதை கேட்கிறேன்; உமறு விருத்தம் கேட்பது அரிது.

மார்ச் 27, பிறை 26

இன்று இரவு 27ஆம் கிழமை, அதாவது ரமளானின் 27ஆம் இரவு. பள்ளிவாசலில் கத்தம் (குர்ஆன் ஓதி நிறைவு செய்வது). கையில் குர்ஆன் மட்டும் எடுத்துப் போகிறேன். ரஹீக்கில் மீதி அடுத்த மாதமான ஷவ்வாலுக்கு.

கிளம்பும் நேரத்தில் ராத்தா மகளிடமிருந்து செய்தி: தோழி அசதைப் பாதியில் விட்டுவிட்டு நாவலை ஒரே மூச்சில் முடித்துவிட்டாளாம். “உங்கள் ஊர் முதலாளிமார் இன்னும் அப்படித்தானா என்று கேட்கிறாள் மாமா, என்ன சொல்ல?” பெருநாளைக்கு அவளையும் ஊருக்கு அழைத்து வா, நேரிலேயே விசாரித்துக்கொள்ளட்டும் என்று பதில் போட்டேன்.