கோட்டின் மேல் எழுதிய மூன்று பெயர்கள்

உயர்தர வகுப்பில் சோழர் பாடம் தொடங்கும் அன்று, எங்கள் வரலாற்று சேர் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு இழுப்பார். சோழ அரசர் சூடிய இரண்டு பட்டங்கள்: இடப்பக்கம் இராசகேசரி, வலப்பக்கம் பரகேசரி. விசயாலயன் பரகேசரி, மகன் முதலாம் ஆதித்தன் இராசகேசரி, பேரன் முதலாம் பராந்தகன் பரகேசரி என்று பட்டம் மாறி மாறி இறங்கிவரும். இரண்டு பக்கமும் சேராமல் கோட்டின் மேலேயே மூன்று பெயர் எழுதுவார்: இராசாதித்தன், இரண்டாம் ஆதித்தன், இராசமகேந்திரன். மூவரும் தகப்பன் இருக்கையிலேயே இறந்த வாரிசுகள்.

அவர் சொன்ன விதி சின்னது. தனியாட்சிக்கு வராமல் போனவரைப் பட்டம் மாறும் எண்ணிக்கையில் சேர்க்கக்கூடாது. இராசாதித்தன் போனபின் தம்பி கண்டராதித்தர் இராசகேசரி ஆனார். சுந்தர சோழர் இராசகேசரி. மகன் இரண்டாம் ஆதித்தன் பரகேசரி. அவன் கொலையுண்டபின் ஆண்ட உத்தம சோழரும் பரகேசரியே. இரண்டாம் இராசேந்திரனின் மகன் இராசமகேந்திரன் இராசகேசரி. அவனுக்குப் பின் வந்த வீரராசேந்திரனும் இராசகேசரி.

பிழை விடுகிற இடமும் இதுதான். "கோப்பரகேசரி எண்டு கண்டவுடனே ஆள் ஆரெண்டு எழுதிப்போடாதேங்கோ" என்பார். முன்னொட்டைப் பார்க்கவேண்டும். 'மதுரை கொண்ட' என்றிருந்தால் பராந்தகன். 'பாண்டியன் தலைகொண்ட' என்றிருந்தால் இரண்டாம் ஆதித்தன். இரண்டும் இல்லாத வெறும் கோப்பரகேசரிக் கல்வெட்டுக்கு எழுத்தமைதியையும், அதில் வரும் அதிகாரிகளின் பெயர் வேறெந்தக் கல்வெட்டில் வருகிறது என்பதையும் வைத்தே ஆளைத் தேடலாம்.

இறந்த விதத்தைச் சொல்லும் அடைமொழிகளிலும் ஒரு பொறி உண்டு. ஆற்றூர்த் துஞ்சின தேவர் அரிஞ்சயர், பொன்மாளிகைத் துஞ்சின தேவர் சுந்தர சோழர்; இவற்றில் குழப்பம் இல்லை. ஆனால் 'ஆனைமேல் துஞ்சின', அதாவது யானைமேல் இறந்த, என்பது இருவருக்கு வரும். 949இல் தக்கோலப் போரில் விழுந்த இராசாதித்தன் இளவரசன். 1054இல் கொப்பப் போரில் விழுந்த முதலாம் இராசாதிராசன் முடிசூடிய அரசன். பரீட்சையில் இந்த இருவரையும் ஒருவராக்கி எழுதாத வகுப்பே கிடையாது.

தக்கோலத்துக்கு அவர் இரண்டு சான்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். ஆனைமங்கலச் செப்பேடு, யானைமேல் இருந்த இராசாதித்தனின் மார்பை இராட்டிரகூட அரசன் கிருஷ்ணராசனின் அம்பு துளைத்தது என்கிறது. கர்நாடகத்து ஆதகூர்க் கல் கிருஷ்ணராசனின் துணைவனான கங்க அரசன் பூதுகனே கொன்றான் என்கிறது. அதற்குப் பரிசாக அவன் பெற்றது வனவாசிப் பன்னீராயிரம் முதலான நாடுகள். அந்தக் கல்லின் இன்னொரு பாதி, பன்றியோடு போராடிச் செத்த காளி என்ற வேட்டைநாய்க்கு. சோழ இளவரசனுக்கும் நாய்க்கும் ஒரே கல் என்றதும் வகுப்பு சிரிக்கும். சேர் சிரிக்கமாட்டார், இராசாதித்தனின் சேரநாட்டுப் படைத்தலைவன் வெள்ளன் குமரன், தலைவனோடு சாகவில்லையே என்று வருந்தித் துறவியாகித் திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் ஆன கதைக்குப் போய்விடுவார்.

அதிக நேரம் எடுத்தது காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு. இரண்டாம் ஆதித்தனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் முதலியோரைச் சொல்லி, அவர்களுடையதும் உறவினருடையதுமான நிலங்கள் பறிமுதலானதைக் குறிக்கிறது. தாய்மாமன்மார், பெண் கொண்டவர்கள் வரை அந்த வலை விரிகிறது. முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டு என்பதால், உத்தம சோழர் ஆண்ட காலம் முழுக்கக் கொலையாளிகள் தண்டிக்கப்படவில்லை, ஆகவே கொலையில் அவருக்கும் பங்கு என்று வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார். சேர் அங்கே நிறுத்துவார். அந்த ஆண்டு நிலம் கைமாறிய ஆவணத்துக்கு உரியது. தண்டனை அதற்கு முன்பே தொடங்கியிருக்க இடமுண்டு. திருவாலங்காட்டுச் செப்பேடோ, ஆதித்தன் விண்ணுலகம் காணும் ஆசையில் மறைந்தான் என்று கொலையையே மூடிவிடுகிறது. குடிமக்கள் அழைத்தும் சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும்வரை அருமொழி (பின்னாளில் முதலாம் இராசராசன்) அரியணையை விரும்பவில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறது. பேரரசன் வீட்டுச் செப்பேட்டை அப்படியே நம்பினால் சேரிடம் அரைப் புள்ளிதான்.

இராசமகேந்திரனுக்குப் பாடவேளையில் ஐந்து நிமிடமே மிஞ்சும். முடக்காற்றுப் போரில் சாளுக்கிய அரசன் ஆகவமல்லனைப் புறங்காட்டச் செய்தவன் என்று மெய்க்கீர்த்தி சொல்லும். திருவரங்கத்தில் ஒரு திருச்சுற்று இன்றும் அவன் பெயரால் வழங்குகிறது.