நோரென் துவைத்தபின் மட்டம் பிடித்த கதை

ஒருவழியாக மட்டம் வந்துவிட்டது. சமையலறை வாசலில் தொங்கும் நீல நோரெனின் (ஜப்பானியர் வாசலில் மாட்டும், நடுவில் பிளந்த துணித்திரை) இரண்டு துண்டுகளும் கீழே ஒரே கோட்டில் நிற்கின்றன. சந்தோஷம் தாங்கவில்லை.

துணி 85 செ.மீ. அகலம், 150 செ.மீ. நீளம். ரமி என்ற செடியின் நார், கையால் முக்கிய அவுரி நீலம். மேலே வளையங்கள் கிடையாது, கம்பு நுழையும் பைத் தையல்தான். இங்கே ஜப்பானில் ஜூன் பிறந்ததும் கோடை உடைக்கு மாறுவார்கள். வாசல் துணியும் அப்போதே மாறும்: கனமான பருத்தி உள்ளே போகும், அஸா துணி (லினன், ரமி போன்ற நார்த்துணி) வெளியே வரும். அதற்குள், மே மாத வெயில் இருக்கும்போதே துவைத்துவிட வேண்டும் என்று பார்த்தேன்.

துவைப்பதில் பெரிய வித்தை இல்லை. குளிர்ந்த நீர், வெண்மையூட்டி கலக்காத மிதமான சோப்புத் திரவம், அமுக்கி அமுக்கி எடுப்பது, அவ்வளவுதான். ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சாயம் போகாமல் இருக்க உப்புப் போடு, வினிகர் ஊற்று என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். இந்த நீலம் தண்ணீரில் கரையாத நிறமி. நாரின் மேல் படிந்து உட்கார்ந்திருக்கிறது, உராய்ந்தால்தான் உதிரும். உப்பும் வினிகரும் அதைப் பிடித்து வைக்காது. மெஷினில் போடாமல், முறுக்கிப் பிழியாமல் இருப்பதுதான் காப்பு. முறுக்கினால் மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெள்ளைக் கோடாகத் தேயும்.

சரி, மட்டத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் எல்லோரும் வலது துண்டைத்தான் ஒதுக்கிவிட்டுப் போவார்கள். இழுபட்டு இழுபட்டு அது கிராஸாக ஓடிவிடும். நனைந்ததும் துணி தன் இஷ்டத்துக்குச் சுருங்கும், காய்ந்தபின் ஒரு துண்டு ஏறியும் ஒன்று இறங்கியும் நிற்கும். அரை சென்டிமீட்டர்தான், ஆனால் நடுப்பிளவில் இரண்டு ஓரமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் கண்ணில் அதுதான் படும். கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போட்டால் இது சரியாகவே ஆகாது. கிளிப் கடித்த இடம் மட்டும் கூம்பாக இழுத்துக்கொள்ளும்.

எனக்குப் பலித்த வழி இது. சொட்டச் சொட்ட இருக்கும்போதே துணியை அதன் மூங்கில் கம்பிலேயே கோர்த்து, நிழலில் கம்பைக் கிடைமட்டமாக வைத்துவிட்டேன். தண்ணீரின் எடையே பாவு நூலை (நெடுக்கே ஓடும் இழையை) நேராகக் கீழே இழுக்கும். பாதி காய்ந்ததும் தையல் டேப்பை எடுத்து, கம்பிலிருந்து கீழ் மடிப்பு வரை நான்கு இடத்தில் அளக்க வேண்டும்: வெளி ஓரம் இரண்டு, பிளவின் ஓரம் இரண்டு. எந்த ஓரம் ஏறியிருக்கிறதோ அந்தக் கீழ் மூலையைப் பிடித்து, எதிர் மேல் மூலையிலிருந்து கோணலாக, மெதுவாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் தையல் விடும். ஈரம் இருக்கும்போதே இஸ்திரி, மேலே மெல்லிய துணி போட்டு, மேலிருந்து கீழாக மட்டும். குறுக்கே ஓட்டினால் அகலம் கூடி நீளம் குறையும், பிளவின் ஓரம் அலை அலையாகிவிடும். கீழ் மடிப்பைக் கடைசியில் தொட்டால் போதும். அங்கே துணி பல அடுக்கு, ஈரம் தங்கும். அது முழுதாக உலர்வதற்குள் இறக்கினால் மறுபடி கோணும். அதனால் இஸ்திரி முடிந்ததும் கம்பிலேயே திரும்ப விட்டேன், ராத்திரி முழுக்க.

பிளவின் உச்சிதான் இன்னும் பாக்கி. ஆள் நுழையும்போது இழுப்பு எல்லாம் போய்ச் சேர்வது அந்த ஒரு புள்ளியில். பழைய தையல் தளர்ந்திருக்கிறது. நாலைந்து இழை குறுக்கே ஓட்டி அதன் மேல் காஜா தையல் போடப்போகிறேன். நூல் டோக்கியோவில் நிப்போரி துணிக்கடைத் தெருவில் வாங்கினேன். லினன் மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிறார்கள், தொட்டுப் பார்த்து எடுக்கலாம். இணையத்தில் வாங்குபவர்கள் லேபிளைப் படியுங்கள். இங்கே தரக்குறிப்பு விதிப்படி அஸா என்று போட லினனுக்கும் ரமிக்கும் உரிமை உண்டு. ஆனால் ‘அஸா பாணி’ என்று எழுதி பாலியஸ்டரை விற்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் ஒன்று வந்தது. காற்றில் அது அசைவதே வேறு மாதிரி, திருப்பி அனுப்பிவிட்டேன்.

தொங்கவிடுவதில், இரு பக்கமும் அழுத்தி நிற்கும் ஸ்பிரிங் கம்பி எனக்குப் பிடிக்கவில்லை. தடித்த குழாயும் மெல்லிய குழாயும் சேரும் இடம் பைத் துணியில் மேடாகத் தெரியும். துணி இழுபடும்போது கம்பியும் சுழன்று தளர்ந்து இறங்கும். வாடகை வீட்டில் திருகாணி அடிக்க முடியாது என்பதால், கதவுச் சட்டத்தின் விளிம்பைக் கவ்வும் கொக்கி இரண்டு மாட்டி, மூங்கிலை அதன் மேல் வைத்திருக்கிறேன். புது நீலத் துணியானால் வெள்ளைச் சட்டத்தில் உரசாதபடி கம்பைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வையுங்கள், சாயம் ஒட்டும்.

நீலம் என்றதும் ஒன்று. ஜப்பானின் டோக்குஷிமாவில் சாயம் எடுக்கும் செடி நம் திண்டிவனம் பக்கத்து அவுரி அல்ல, குடும்பமே வேறு. அங்கே இலையை மாதக்கணக்கில் புளிக்கவைத்து மக்கிய சருகாக்கி வைத்துக்கொள்கிறார்கள். நம் பக்கம் இலையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கட்டியாக எடுக்கிறோம். இரண்டிலும் வரும் நீலம் ஒன்றுதான்! ஊரிலிருந்து கொஞ்சம் அவுரிக் கட்டி வரவழைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

ஆனால் அதற்கு முன் காக்கிஷிபு. துணிக்குச் சாயமாகப் பூசுவது; துவர்க்கும் காக்கிக் காயை (பெர்சிமன்) பிழிந்து புளிக்கவைத்த சாறு. கியோட்டோவின் தெற்குப் பக்கத்துச் சரக்கு, வாடை நீக்கியது ஒரு பாட்டில் வாங்கியாயிற்று. வெள்ளை லினனில் நீர்க்கப் பூசி வெயிலில் காயவைத்து, திரும்பப் பூசி, இப்படியே போக வேண்டும். வெயில் படப்படத்தான் நிறம் ஏறும். இரும்பு பட்டால் கறுக்கும் என்பதால் பிளாஸ்டிக் வாளியும் புதுப் பிரஷும் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். ஜூலையில் மழைக்காலம் விலகியதும் ஆரம்பம். அதற்குள் பிளவின் காஜாவை முடித்துவிடுகிறேன்.