டிக் டிக்

அன்றைக்குக் கரண்ட் மட்டும் போகாமல் இருந்திருந்தால், அந்த அம்மாவின் கடைவாய்ப் பல்லை எடுத்திருப்பேன். மரப்பு ஊசி கையில் தயார். கம்ப்ரஸரும் ஃபேனும் ஒரே நேரத்தில் அடங்கியதும் கடிகாரம் ஓடுவதுபோல மெல்லிய சத்தம். சுவர்க்கடிகாரமோ நின்று பல மாதமாகிறது. சத்தம் வந்தது நாற்காலியில் சாய்ந்திருந்தவரின் நெஞ்சிலிருந்து.

"அம்மா, நெஞ்சுல ஆபரேஷன் ஏதாவது பண்ணியிருக்கா?"

"அது ஆச்சு தம்பி, பதினோரு வருஷம். வால்வு மாத்துனாங்க. இப்ப ஒரு தொந்தரவும் இல்ல."

கேஸ் ஷீட்டில் 'இதய நோய் உண்டா?' என்ற இடத்தில் 'இல்லை' என்றுதான் இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. ஆபரேஷன் ஆனபிறகு நோய் ஏது? மஞ்சள் பையில் ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் அசிட்ரோம் மாத்திரை அட்டை கிடந்தது. மாத்திரை சாப்பிடுகிறாரா என்று நானும் கேட்கவில்லை.

பல் எடுக்கும்போது வாயிலுள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் ரத்தத்தில் கலக்கும். பெரும்பாலோருக்கு உடம்பே சமாளித்துவிடும். செயற்கை வால்வில் ஒட்டிக்கொண்டால் எண்டோகார்டைட்டிஸ், அதாவது இதயத்தின் உட்புறத்தில் கிருமித் தொற்று. வாரக்கணக்கில் நரம்பில் மருந்து ஏற்றியும் பிழைப்பது நிச்சயமில்லை. தடுக்க, அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்பு 2 கிராம் அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக், ஒரே வேளை. ரத்தம் உறையும் தன்மையைக் காட்டும் ஐ.என்.ஆர். பார்த்து, இதய மருத்துவரிடம் பேசி, நான்காம் நாள் வரச் சொன்னேன். இரண்டு தடவை பஸ் செலவா என்று முணுமுணுத்தபடி போனார்.

எல்லோருக்கும் கொடுப்பதும் சரியல்ல. ஸ்டென்ட், பைபாஸ் என்றாலே ஆன்டிபயாடிக் எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்க இதயச் சங்கம் 2007-லேயே பட்டியலைச் சுருக்கிவிட்டது: செயற்கை வால்வு, ஏற்கெனவே எண்டோகார்டைட்டிஸ் வந்தவர்கள், சிலவகைப் பிறவி இதயக் கோளாறுகள் என்று வெகு சிலருக்குத்தான். பென்சிலின் ஒவ்வாதவர்களுக்குப் பழக்கதோஷத்தில் எழுதிவந்த கிளிண்டாமைசினும் 2021-ல் பரிந்துரையிலிருந்து போயிற்று.

விலங்குத் திசுவில் செய்த வால்வு டிக் டிக் என்று சத்தம் போடாது. கரண்டையே நம்பியிருக்க முடியாதே, கேள்வியை மாற்றினேன். 'நெஞ்சில் ஆபரேஷன் நடந்ததா? தினமும் என்ன மாத்திரை? 21 நாளுக்கு ஒருமுறை ஊசி போடுகிறீர்களா?' கடைசிக் கேள்விக்கு, வால்வு மாற்றிய கல்லூரி மாணவன் ஒருவன் தலையாட்டினான். பெனிடியூர், ருமாட்டிக் காய்ச்சல் திரும்ப வராமலிருக்கப் போடும் ஊசி. அதுவும் அமாக்ஸிசிலினும் ஒரே பென்சிலின் குடும்பம் என்பதால், வாய்க் கிருமிகள் அமாக்ஸிசிலினுக்கு அடங்காமல் போகலாம். அவனுக்கு வேறு வகை ஆன்டிபயாடிக்கான அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் எழுதினேன்.

"இத யாருமே கேட்டதில்ல சார்" என்றான். நானும் அதற்கு முன்பு யாரிடமும் கேட்டதில்லை.